சுவிட்ச் போடும் நாள்: கொக்ளியர் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சத்தத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு

2014ஆம் ஆண்டு பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட ஒரு சிறிய காணொளி உலகம் முழுவதும் பரவியது. பிறவியிலேயே காது கேளாத ஜோன் மில்ன் என்ற பெண் பேர்மிங்ஹாமில் உள்ள வைத்தியசாலையொன்றில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே இருக்கும் செவிப்புலன் நிபுணர் திங்கள், செவ்வாய், புதன் என்று கிழமைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். காணொளியை எடுத்தவர் அவருடைய தாய்.

இப்படியான காணொளிகள் எங்கள் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. தாயின் குரலைக் கேட்டதும் பால்போத்தலை விட்டுவிட்டுச் சிரிக்கும் குழந்தை, மனைவியின் குரலைக் கேட்டுத் திகைக்கும் கணவர் என்று பல. வீட்டில் காது கேளாத ஒருவர் இருப்பவர்களால் இவற்றைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை. “எங்கட பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் வருமோ?” என்ற கேள்வி உடனே எழுகிறது.

வரலாம். ஆனால் அந்த ஒரு நிமிடக் காட்சி, அதற்கு முன்னர் இருந்த மாதங்களையும் அதற்குப் பின்னர் வரும் வருடங்களையும் காட்டுவதில்லை. சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும், அது முடிந்து கருவியை இயக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களும் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி என்ன செய்கிறது?

சத்தம் என்பது காற்றில் வரும் அதிர்வு. செவிப்பறையும் நடுக்காதில் உள்ள மூன்று சிறிய எலும்புகளும் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓட்டைப்போலச் சுருண்டிருக்கும் கொக்ளியா என்ற உறுப்பில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. இவைதான் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றிச் செவிநரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. மனிதர்களில் இந்தக் கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

நாம் ‘காதுமெசின்’ என்று சொல்லும் செவிப்புலன் உதவிக் கருவி சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. மயிர்க்கலங்கள் ஓரளவாவது மிஞ்சியிருந்தால் அது பயன்தரும். அவை பெரும்பாலும் அழிந்துவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. கொக்ளியர் கருவி அந்தக் கலங்களைக் கடந்து நேரடியாகச் செவிநரம்பைத் தூண்டுகிறது.

கருவிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிப்பகுதியில் ஒலிவாங்கியும், சத்தத்தைப் பகுத்துக் குறியீடாக மாற்றும் ஒலிச்செயலியும், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய வட்டச் சுருளும் இருக்கும். உட்பகுதி தோலுக்குக் கீழே பொருத்தப்படும். அதிலிருந்து செல்லும் மெல்லிய கம்பி கொக்ளியாவுக்குள் நுழைக்கப்படுகிறது. அந்தக் கம்பியில், கருவியின் வகையைப் பொறுத்து, 12 முதல் 22 வரையான மின்வாய்கள் இருக்கும்.

15,000 கலங்கள் செய்த வேலையை 22 மின்வாய்கள் செய்ய முயல்கின்றன. இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தால், முதல் நாள் கேட்கும் சத்தம் ஏன் விசித்திரமாக இருக்கிறது என்பது விளங்கும்.

எழுந்து நின்ற மனிதர்

செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டும் முயற்சி 1957இல் பரிஸ் நகரில் தொடங்கியது. 1961இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் வைத்தியர் வில்லியம் ஹவுஸ் நோயாளிகளுக்குக் கருவி பொருத்தினார். ஆரம்பகாலக் கருவிகள் சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை உணர்த்தின. பேச்சைப் புரியவைக்க அவற்றால் முடியவில்லை.

அவுஸ்திரேலியாவின் கிரஹம் கிளார்க், காது மந்தமான ஒரு மருந்தாளரின் மகன். வளைந்த கொக்ளியாவுக்குள் கம்பியை எப்படிக் காயமின்றிச் செலுத்துவது என்பது அவருக்கு நீண்டகாலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. 1977இல் கடற்கரையில் ஒரு சிப்பி ஓட்டுக்குள் புல்லின் இதழ் ஒன்றை நுழைத்துப் பார்த்தார். நுனி மென்மையாகவும் அடி சற்று விறைப்பாகவும் இருந்த புல் வளைந்து உள்ளே சென்றது. 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி மெல்பேர்னில் ரொட் சோண்டர்ஸ் என்பவருக்கு அவர் பல மின்வாய்கள் கொண்ட கருவியைப் பொருத்தினார். விபத்தொன்றில் கேள்திறனை இழந்திருந்த சோண்டர்ஸுக்கு அப்போது வயது 48. பின்னர் சோதனையின்போது தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். அவர் விறைப்பாக எழுந்து நின்றார்.

அதே காலத்தில், 1977 டிசம்பரில், வியன்னாவில் இங்கெபோர்க் ஹொக்மையர், எர்வின் ஹொக்மையர் தம்பதியினர் உருவாக்கிய பல மின்வாய்க் கருவியும் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. கிளார்க், இங்கெபோர்க் ஹொக்மையர், அமெரிக்காவின் பிளேக் வில்சன் ஆகிய மூவருக்கும் 2013இல் லஸ்கர் விருது வழங்கப்பட்டது.

சோண்டர்ஸ் எழுந்து நின்றதற்குக் கருவி மட்டும் காரணமல்ல. அந்தக் கீதத்தை அவர் ஏற்கெனவே பல தடவை கேட்டிருந்தார். தெளிவற்ற ஒலியிலும் அதன் தாளத்தை அவருடைய மூளையால் அடையாளம் காண முடிந்தது. ஒருபோதும் கேட்டிராத ஒருவரின் மூளையில் அந்த நினைவு இருக்காது. ‘முதல் சத்தம்’ எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது என்பதை இங்கிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று வகையான காத்திருப்பு

முதலாவது, காது கேளாமல் பிறந்த குழந்தைகள். இவர்களுக்கு வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கேட்பதற்குரிய மூளைப் பகுதி முதல் சில வருடங்களில்தான் சத்தத்தோடு பழகி வளர்கிறது. மூன்றரை வயதுக்கு முன்னர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகளின் மூளை பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப்போல வளர்வதையும், ஏழு வயதுக்குப் பின்னர் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பதே சர்வதேச அளவில் பின்பற்றப்படும் இலக்கு. சிசுவின் காதில் சிறு கருவியை வைத்துச் செய்யும் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே போதும், வலியும் இல்லை.

இரண்டாவது, பேச்சு வந்த பிறகு கேள்திறனை இழந்தவர்கள். மூளைக்காய்ச்சல், சில மருந்துகள், தலைக்காயம், வெடிப்பு, முதுமை எனக் காரணங்கள் பல. சோண்டர்ஸைப்போல இவர்களுக்குச் சத்தத்தின் நினைவு இருக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். ஆனால் கேளாமை நீடித்த வருடங்கள் கூடக்கூட அந்த வாய்ப்பும் பொதுவாகக் குறைகிறது. மூளைக்காய்ச்சலால் கேள்திறன் இழந்தவர்கள் தாமதிக்கவே கூடாது. கொக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து கம்பி நுழையும் வழி அடைபட்டுவிடக்கூடும்.

மூன்றாவது, காது கேளாமல் பிறந்து, அப்படியே வளர்ந்து பெரியவர்களானவர்கள். இவர்களைப் பற்றித்தான் நேர்மையாகப் பேசவேண்டியிருக்கிறது. இவர்களுக்குக் கருவி பொருத்தலாம். கதவு தட்டப்படுவது, வாகனத்தின் ஹோர்ன், தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவது போன்றவை கேட்கத் தொடங்கலாம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது இலகுவாகலாம். பார்க்காமலே பேச்சைப் புரிந்துகொள்ளும் நிலையைப் பலர் அடைவதில்லை. கேட்டுப் பழகாத சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கருவியைக் கழற்றி வைத்துவிடுபவர்களும் உண்டு.

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இடம்பெயர்ந்துகொண்டே இருந்த தாய்க்கும், பங்கருக்குள்ளும் தறப்பாள் கூடாரத்துக்குள்ளும் கழிந்த முதல் மாதங்களுக்கும் செவிப்புலன் பரிசோதனை எட்டாத தூரத்தில் இருந்தது. பிள்ளை கூப்பிட்டுத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்கும் அமைதிகூட அந்த நாட்களில் இருக்கவில்லை. முகாமை விட்டு வெளியே வந்து, பாடசாலைக்குச் சேர்க்கும்போது தெரியவந்திருந்தால் மூளைக்கு மிக முக்கியமான வருடங்கள் ஏற்கெனவே போய்விட்டன. இது தாய் தகப்பனின் பிழையல்ல. அந்தப் பிள்ளை இன்று இளைஞன் அல்லது இளம் பெண். காணொளியைக் காட்டி “நீயும் இப்படிக் கேட்பாய், பேசுவாய்” என்று அவர்களுக்குச் சொல்லப்படும் வாக்குறுதியை நாம் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

போரில் பழுதான காது

“செல் விழுந்ததில இருந்து அவருக்குக் காது மந்தம்.” இப்படிச் சொல்லப்படும் ஒருவர் இல்லாத ஒழுங்கையை வடக்கு, கிழக்கில் காண்பது அரிது. ஆனால் வெடிப்பால் ஏற்படும் எல்லாக் கேளாமையும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் கொக்ளியர் தீர்வும் அல்ல.

சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். 140 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே கணத்தில் காதைச் சேதப்படுத்த வல்லது. அருகில் வெடிக்கும் எறிகணையின் அழுத்த அலை முதலில் செவிப்பறையைக் கிழிக்கிறது. சிறிய கிழிசல்கள் பல தாமாகவே ஆறுகின்றன. ஆறாதவற்றைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். நடுக்காது எலும்புகள் விலகியிருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. இந்தச் சேதங்களுக்குக் கொக்ளியர் தேவையில்லை. மயிர்க்கலங்கள் ஓரளவு அழிந்திருந்தால் காதுமெசினே போதுமானதாக இருக்கலாம். இரண்டு காதிலும் கலங்கள் பெருமளவு அழிந்து, காதுமெசினாலும் பேச்சு விளங்காத நிலையில்தான் கொக்ளியர் பற்றி முக்கியமாக யோசிக்கப்படுகிறது. தலையோடு உடைந்து செவிநரம்பே அறுந்திருந்தால் கொக்ளியர் பயன்தராது.

ஆகவே பல வருடங்களாகக் “காது போயிட்டுது” என்று இருப்பவர்கள் முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் சென்று, எந்தப் பகுதி சேதமடைந்துள்ளது என்பதைக் கேட்டறிய வேண்டும். சிலருக்கு மிகச் சிறிய சிகிச்சையே தேவைப்படலாம்.

இன்னொன்றையும் வைத்தியரிடம் சொல்ல மறக்கக் கூடாது: உடலில் எறிகணைத் துண்டுகள் இருக்கின்றனவா என்பது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தின் காந்தப்புலம் உலோகத் துண்டுகளை அசைக்கக்கூடும். கொக்ளியர் பொருத்திய பிறகும், உள்ளே இருக்கும் காந்தம் காரணமாக எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கும் சுவிட்சுக்கும் இடையில்

சத்திரசிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். வழமையாக இரண்டு, மூன்று மணித்தியாலம் எடுக்கும். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து கம்பி நுழைக்கப்படுகிறது. தலைச்சுற்று, சுவையில் மாற்றம், காதிரைச்சல் போன்றவை சில நாட்கள் இருக்கலாம். முகநரம்பு பாதிக்கப்படுவது அரிது. ஆனால் அந்த அபாயத்தையும் முன்னரே கேட்டு அறிந்திருக்க வேண்டும். மூளைக்காய்ச்சலைத் தடுக்க நியூமோகொக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. அந்தக் காதில் மிஞ்சியிருந்த இயற்கையான கேள்திறன் இல்லாமல் போகவும் கூடும்.

மயக்கம் தெளிந்து எழும்பும்போது ஒன்றும் கேட்காது. வெளிப்பகுதி இன்னும் மாட்டப்படவில்லை. காயம் ஆறும்வரை, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரங்கள், காத்திருக்க வேண்டும். இது முன்னரே தெரியாத குடும்பங்கள் “ஒப்பரேசன் பிழைச்சுப்போச்சு” என்று கலங்கிப்போகின்றன.

இந்த வாரங்களைப் பயன்படுத்தலாம். வெளிப்பகுதியை எப்படி மாட்டுவது, பற்றரியை எப்படி மாற்றுவது, வியர்வையும் மழையும் படாமல் எப்படிப் பாதுகாப்பது என்பவற்றை வீட்டில் இரண்டு பேராவது பழகவேண்டும். பயிற்சிக்கு யாரிடம், எத்தனை நாளுக்கொரு முறை, எந்த பஸ்ஸில் போவது என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும்.

அந்த நாளில்

செவிப்புலன் நிபுணர் ஒலிச்செயலியைக் கணினியோடு இணைத்து, ஒவ்வொரு மின்வாயாக மெல்லிய மின்னோட்டம் கொடுப்பார். கேட்கத் தொடங்கும் அளவையும், தாங்கக்கூடிய அளவையும் குறித்துக்கொள்வார். பிறகுதான் ஒலிவாங்கி திறக்கப்படும்.

முன்னர் கேட்டவர்கள் பலர் முதல் நாள் சத்தத்தை ரோபோ பேசுவதுபோல, காட்டூன் பாத்திரத்தின் குரல்போல, தகரத்துக்குள் இருந்து வருவதுபோல என்று விவரிப்பதுண்டு. மனைவியின் குரலும் மகனின் குரலும் ஒன்றுபோல இருக்கலாம். சிலருக்கு ‘பீப்’ என்ற ஒலி மட்டுமே வரும். ஒருபோதும் கேட்டிராதவர்கள் அதைச் சத்தம் என்றே உணராமல், தலைக்குள் ஓர் அதிர்வு அல்லது கூச்சம் என்று சொல்லலாம். குழந்தைகள் பயந்து அழுவது மிகச் சாதாரணம். ஒன்றும் நடக்காததுபோல விளையாடிக்கொண்டிருப்பதும் சாதாரணம்.

சொந்தக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பதைத் தவிர்ப்பது நல்லது. எதிர்பார்த்த முகபாவம் வராவிட்டால் அந்த ஏமாற்றம் எல்லார் முகத்திலும் தெரியும். காது கேளாதவர்கள் முகங்களை வாசிப்பதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

பழகும் காலம்

முதல் வாரங்களில் பல தடவை சென்று கருவியின் அளவுகளைத் திருத்த வேண்டும். மூளை பழகப் பழக அதே கருவி வேறு மாதிரிக் கேட்கும். பெரியவர்களுக்கு முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதிக முன்னேற்றம் தெரியும். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் தொடரும். விழித்திருக்கும் நேரம் முழுவதும் கருவியை அணிவதே இதில் முதல் விதி.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கொரோஸ்ட் 2001இல் மிஞ்சியிருந்த கேள்திறனையும் இழந்து கொக்ளியர் பொருத்திக்கொண்டவர். அவருக்குப் பிடித்த பொலேரோ என்ற இசை, கருவி பொருத்திய பிறகு உருக்குலைந்து கேட்டது. ஒலிச்செயலிக்குப் புதிய மென்பொருள்கள் வந்தபோதெல்லாம் அதே இசையைப் போட்டுப் பார்த்தே முன்னேற்றத்தை அளந்தார். பேச்சைவிட இசையைக் கேட்பது இந்தக் கருவிக்குக் கடினமானது. நாதஸ்வரமோ பழைய சினிமாப் பாட்டோ முன்னர்போல இனிக்காவிட்டால் மனமுடைய வேண்டாம். பழக்கமான பாட்டிலிருந்து தொடங்குவது உதவும்.

தமிழில் பழகுவோருக்கு ஒரு வசதி உண்டு. ‘பல்’, ‘பால்’ போன்ற குறில், நெடில் வேறுபாடு நேரத்தால் அமைவதால் ஆரம்பத்திலேயே பிடிபடலாம். ‘ல, ள, ழ’ வேறுபாட்டுக்கு நீண்ட காலம் எடுக்கலாம். பயிற்சி, வீட்டில் பேசும் மொழியில் நடக்க வேண்டும். தமிழில் பயிற்சி தரக்கூடியவர் இருக்கிறாரா என்பது சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேட்கவேண்டிய கேள்வி.

ஒவ்வொரு நாளும் காலையில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் ஆகிய ஆறு ஒலிகளை, வாயை மறைத்துக்கொண்டு, ஒழுங்கு மாற்றிச் சொல்ல வேண்டும். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறும் அடக்கும். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் பற்றரியை, வயரைப் பாருங்கள்.

நினைவோடு வரும் சத்தம்

போரைக் கடந்தவர்களுக்குக் கேள்திறன் திரும்பும்போது எல்லாச் சத்தமும் திரும்பும். திருவிழா வெடி, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர், பலமாகச் சாத்தப்படும் கதவு எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகக் கேட்டது ஒரு வெடிச்சத்தமாக இருந்தவருக்கு இது எளிதல்ல. பதற்றம், நித்திரையின்மை வந்தால் அதைச் செவிப்புலன் நிபுணரிடம் மட்டுமன்றி உளநல வைத்தியரிடமும் சொல்லலாம். ஒலியின் அளவைக் குறைக்கலாம். கொஞ்ச நேரம் கழற்றியும் வைக்கலாம். இரவில் கழற்றினால் முழு அமைதி. அதனால் இரவில் ஆபத்து வந்தால் யார் தட்டி எழுப்புவது என்பதையும் வீட்டில் பேசி வைத்திருக்க வேண்டும்.

செலவும் கேள்விகளும்

செலவு சத்திரசிகிச்சையோடு முடிவதில்லை. பற்றரி, வயர், சுருள் ஆகியவற்றை மாற்ற வேண்டும். வெளிப்பகுதி சில வருடங்களில் பழுதாகும். அதன் விலை பல குடும்பங்களின் வருட வருமானத்தைத் தாண்டும். வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒரு தடவை காசு அனுப்பிச் செய்த சத்திரசிகிச்சை, பின்னர் வெளிப்பகுதி மாற்ற வழியில்லாமல் வீணாகக் கூடாது.

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கொக்ளியர் சத்திரசிகிச்சையை உள்ளடக்குகிறது. அங்குள்ள முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை:

- எங்கள் வீட்டில் உள்ளவரின் வயதுக்கும் கேளாமைக்கும் எதை எதிர்பார்க்கலாம்?
- செவிநரம்பு ஸ்கானில் நன்றாக இருக்கிறதா?
- காதுமெசினைப் போதிய காலம் முயன்று பார்த்தாயிற்றா?
- அளவு திருத்தவும் பயிற்சிக்கும் எங்கே, எத்தனை தடவை வரவேண்டும்?
- உத்தரவாதம் எத்தனை வருடம்? உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்குமா?

கையும் காதும்

கருவி பொருத்துவதால் சைகை மொழியை விட்டுவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் காது கேளாதோர் தேசிய சங்கம் 1991இல் பிள்ளைகளுக்குக் கொக்ளியர் பொருத்துவதைக் கடுமையாக விமர்சித்தது. காது கேளாதவர்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாகப் பார்க்கிறார்கள் என்பது அவர்களின் கவலை. 2000ஆம் ஆண்டில் அந்தச் சங்கம் தனது நிலைப்பாட்டைத் தளர்த்தி, கொக்ளியரையும் ஒரு தெரிவாக ஏற்றது. அந்தக் கவலை முழுவதும் பொருளற்றதல்ல. கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் கைகளால் பேசி, படித்து, நண்பர்களைத் தேடிக்கொண்ட பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு மொழியும் ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் “எனக்கு ஒப்பரேசன் வேண்டாம்” என்று சொன்னால் அதைக் கேட்பது குடும்பத்தின் கடமை. கருவியைக் கழற்றியிருக்கும் நேரத்திலும், பற்றரி முடிந்த நேரத்திலும், கடலில் குளிக்கும் நேரத்திலும் சைகை கைகொடுக்கும்.

சுவிட்ச் போட்ட நாளில் பிள்ளை திரும்பிப் பார்க்காவிட்டாலும் வீட்டுக்கு வாருங்கள். அடுத்த நாள் காலை, பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று “ம்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கடுத்த நாளும் சொல்லுங்கள். அந்தத் தலை ஒரு நாள் திரும்பும்போது கலண்டரில் திகதியைக் குறித்து வையுங்கள்.